பட்டாளம் பாதியில் நின்றது

மண் பாரத்தோடு பாதி உயரம் தூக்கிய லாரிப் பாடி அப்படியே நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அடியில் பம்பு மட்டும் பசித்த குழந்தை மாதிரி இழுத்து இழுத்து அழுதது.

என் வீட்டுக்காரர் ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து லிவரைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு நடுவில் விட்டுவிட்டார். அழுகை நின்றது. இன்ஜின் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

வடலூர் பக்கம் வடக்குத்து என்கிற ஊரில் ஒரு டீச்சர் வாங்கியிருந்த மனை அது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். காலமெல்லாம் மைன்ஸ் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, டீச்சரின் வீட்டுக்காரர் ரிடையர் ஆனதும் சாவியைக் கொடுக்க வேண்டுமே என்று வீடு கட்ட ஆரம்பித்திருந்தார்கள். மனை பள்ளம். ரோட்டு மட்டத்துக்குச் செம்மண் கொட்டித் தரச் சொன்னார்கள். நாங்கள் கொட்டிக்கொண்டிருந்தோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். வண்டி ஓட்டுவது என் வீட்டுக்காரர். வண்டிக்கு வைத்தியம் பார்ப்பது அவருடைய அண்ணன், எனக்கு மூத்தார். கொட்டின மண்ணை நிரவுவது நான். மூன்று பேருக்கும் வயசாகிவிட்டது. எங்களைவிட வண்டிக்கு வயசு அதிகம்.

மூத்தார் வண்டியைச் சுற்றி வந்தார். டேங்கைத் தட்டினார். ஆயில் இருக்கிற சத்தம்தான். ஆயில் போகிற ஓஸைத் தடவினார். கசிவு இல்லை. பம்பின் மேல் கையை வைத்துச் சட்டென்று எடுத்துக்கொண்டார். சுட்டிருக்கிறது.

"பம்பு போச்சாண்ணா?" என்று வீட்டுக்காரர் கத்தினார்.

"உன் வாய் போவாம இருந்தா சரி" என்றார் மூத்தார்.

எங்கள் பட்டாளம்

இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மிலிட்டரியில் ஓடி, அங்கே வேண்டாமென்று கழித்துவிட்ட லாரி. யாரோ ஏலத்தில் எடுத்து, யாரோ டிப்பராக மாற்றி, கடைசியில் வடலூரில் ஒரு பட்டறையின் பின்புறம் புல் முளைத்து நின்றது. அண்ணனும் தம்பியும் நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். பர்மனென்ட் ஆகும் ஆகும் என்று காத்திருந்து, ஆகாது என்று தெரிந்த பிறகு, இருக்கிறதைத் திரட்டி இதை வாங்கினார்கள்.

வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் கதவுக்குப் பின்னால் இருந்துதான் பார்த்தேன். பச்சை நிறம். தவளை மாதிரி முழித்துக்கொண்டு இரண்டு விளக்கு. கதவில் ஏதோ வெள்ளைக் குறி போட்டு அழித்திருந்தார்கள். தெருப் பிள்ளைகள் 'பட்டாளம் வந்திருக்கு' என்று ஓடி வந்தன. அன்றைக்கு ஒட்டிய பேர் இன்றைக்கும் பட்டாளம்தான்.

பட்டாளம் மெயின் ரோட்டுப் பக்கம் போகாது. ஊருக்குள் மண், ஜல்லி, செங்கல். அவ்வளவுதான். பின்னால் இருக்கிற இரும்புப் பாடியைத் தூக்குவதற்கு நடுவில் எண்ணெயால் நீளுகிற தூண் ஒன்று உண்டு. ஜாக்கி என்போம். பம்பு ஆயிலைத் தள்ளினால் ஜாக்கி நீண்டு பாடி தூக்கும். ஆயில் டேங்குக்குத் திரும்பினால் பாடி இறங்கும். எனக்குத் தெரிந்த மெக்கானிக் வேலை இவ்வளவுதான்.

இன்னொன்றும் தெரியும். தூக்கின பாடியை நம்பக் கூடாது. பழைய வால்வு. லிவரை நடுவில் விட்டாலும் பாடி மெல்ல மெல்ல அமுங்கும். அதனால் யாராவது அடியில் தலையை நீட்டுவதற்கு முன்னால் ஒரு தேக்குக் கட்டையை நிறுத்தி முட்டுக் கொடுத்துவிடுவார்கள். முட்டில்லாமல் மூத்தார் உள்ளே போய் நான் பார்த்ததே இல்லை, அன்றைக்கு வரை.

கொட்டும்போது பின்னால் நின்று கை காட்டுவதும் என் வேலை. வீட்டுக்காரருக்குக் காது மந்தம். மைன்ஸில் மண் சுமக்கிற பெல்ட் ஓடுகிற சத்தத்தில் போனது பாதி, வயசில் போனது பாதி. அதனால் கைதான் பேச்சு. உள்ளங்கையை மேலே தூக்கினால் தூக்கு. கீழே அமுக்கினால் இறக்கு. கண்ணாடியில் என் கையைப் பார்த்துத்தான் லிவரைத் தொடுவார்.

பட்டாளத்திடம் சொன்னது

போன வாரம் இதே பக்கத்தில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியபோது, மூத்தாரிடம் நான் பேசினதே இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, ஒரே வாசலில் இருந்துகொண்டு எப்படிம்மா பேசாமல் காலம் தள்ளினீர்கள் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள்.

கஷ்டமே இல்லை. எங்கள் பக்கம் அது அப்படித்தான். தாலி கட்டிக்கொண்டு வந்த அன்றைக்கே மாமியார் சொல்லிவிட்டார். மூத்தார் வந்தால் எழுந்து ஒதுங்கு. எதிரில் நிற்காதே. பேர் சொல்லாதே. நேரே பேசாதே.

எனக்கு அது வசதியாகவும் இருந்தது. பேச்சு என்றாலே எனக்குப் பயம். ஐந்தாவது படித்தபோது வாத்தியார் எழுப்பிப் பாடம் ஒப்பிக்கச் சொன்னால், தெரிந்த பாடமும் தொண்டையிலேயே நின்றுவிடும்.

சோறு ஆகிவிட்டதென்றால் சொம்பைத் தட்டுவேன். வருவார். அவருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் கூரையைப் பார்த்து, "தண்ணி இருந்தா தேவலை" என்பார். கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கிவிடுவேன். பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது அவற்றின் வழியாகப் பேச்சு நடந்தது. "பெரியப்பாவ சாப்புட சொல்லு." "உங்கம்மாகிட்ட உப்பு தூக்கல்னு சொல்லு." பிள்ளை நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பும். சொல்ல வேண்டிய தேவையே இராது, இருவருக்கும்தான் காதில் விழுகிறதே.

பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். மூத்தாரின் சம்சாரமும் போய்ச் சேர்ந்தார். அவருக்கும் எங்கள் வீட்டிலேயே சாப்பாடு என்றானது. நடுவில் ஆள் இல்லை. அப்போதுதான் பட்டாளம் கைகொடுத்தது.

ஒருநாள் டீயை எடுத்துக்கொண்டு போனேன். வண்டிக்கு அடியில் இரண்டு பாதம் மட்டும் தெரிந்தது. எப்படிக் கூப்பிடுவது? மட்கார்டைப் பார்த்துச் சொன்னேன். "பட்டாளம், டீ ஆறுது."

அடியிலிருந்து பதில் வந்தது. "பட்டாளம், சக்கரை கம்மியா போடச் சொல்லு."

அன்றிலிருந்து அப்படியே நடந்தது. எத்தனையோ விஷயம் பட்டாளத்திடம் சொல்லியிருக்கிறோம். தம்பிக்குக் காது சுத்தமாகப் போகிறது, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதைக்கூட அவர் பட்டாளத்திடம்தான் சொன்னார். நான் பட்டாளத்திடம்தான் சரியென்றேன்.

மாமியார் உயிரோடு இருந்த வரைக்கும் மூத்தாரை வாய் நிறையப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். மூத்தார் தூங்குமூஞ்சி. விடிந்து வெயில் வந்தும் படுத்திருப்பார். மாமியார் வாசலில் சாணி தெளித்துக்கொண்டே ஒரு சத்தம் போடுவார். "டேய் ராசவேலு, வெளியில வாடா." தெருக்கோடி வரைக்கும் கேட்கும். மீசை வைத்த ஆம்பளை, மறுபேச்சில்லாமல் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நிற்பார். நான் அடுப்படியில் சிரிப்பை அடக்கிக்கொள்வேன்.

ஒரே ஒரு கட்டை

டீச்சர் மனைக்கு வருகிறேன்.

ராத்திரி மழை பெய்திருந்தது. புதுசாகக் கொட்டின மண்ணில் பின்சக்கரம் புதைந்தது. பாரத்தோடு தூக்கும்போது வண்டி சாய்ந்துவிடக் கூடாதே என்று, காலையிலேயே அந்தத் தேக்குக் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துவிட்டார்கள். வண்டியே அதன் மேல்தான் நின்றது. இனி அதை உருவ முடியாது.

"பூஜை முடிஞ்ச மறுநாள்லருந்தே மூச்சு வாங்கிக்கினுதான் தூக்குது" என்றார் வீட்டுக்காரர். ஆயுத பூஜை முடிந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. வண்டி முகப்பில் கட்டின வாழைக்கன்று இன்னும் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"காத்து புடிச்சிருக்கும். ஜாக்கி நட்டை லேசா லூஸ் பண்ணி காத்த விட்டா தூக்கிடும்" என்று மூத்தார் ஸ்பேனரை எடுத்தார்.

"முட்டு வச்சிக்கினு போண்ணா."

"கட்டை சக்கரத்துக்கு அடியில கீது. உன் தலையவா முட்டு வைக்கறது?"

தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்திருந்த டீச்சர் எழுந்து நின்றார். "பின்பக்கம் சென்ட்ரிங் கட்டை நிறைய கெடக்கு. எடுத்துக்கிடுங்க."

"ரெண்டு நிமிஷ வேலைங்க டீச்சர்" என்றார் மூத்தார். தம்பியிடம், "காது கேக்காதவனுக்கு பேச்சு ஜாஸ்தி. நீ லிவரு பக்கத்துலயே இரு. கண்ணாடியில கைய பார்த்து தூக்கு. இன்ஜின அமத்தாத, அப்புறம் தள்ளணும்" என்று கத்திச் சொன்னார்.

டயரின் மேல் ஒரு காலை வைத்து ஏறினார். இடுப்புக்கு மேல் முழுக்கப் பாடிக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸுக்கும் நடுவில் போனது. வெளியே தெரிந்தது இரண்டு கால். ஒன்று டயர் மேல், ஒன்று தொங்கிக்கொண்டு.

டீச்சர் என்னைப் பார்த்தார். 'நீங்களாவது சொல்லுங்களேன்' என்கிற பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நீலத் தொட்டி

நான் செங்கல் அடுக்கின் மேல் மண்வெட்டியை மடியில் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி எனக்குக் குறுக்காக நின்றது. தூக்கின பாடிக்கும் சேஸுக்கும் நடுவில் முக்கோணமாக ஒரு சந்து. அதன் வழியாக மனையின் அந்தப் பக்கம் வைத்திருந்த நீலத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. மூடி, வயிறு, அடி எல்லாம் தெரிந்தது.

ஸ்பேனர் இரும்பில் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு சொட்டு சொட்டாக ஆயில் மண்ணில் விழுந்தது. செம்மண் கறுத்தது.

திரும்பவும் பார்த்தேன். தொட்டியின் மூடி தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். புரை எடுத்த கண்தான், நன்றாகவே தெரியும். மூடியைக் காணோம். பாடியின் ஓரம் தொட்டியின் கழுத்துக்கு வந்திருந்தது.

பாடி இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல். உள்ளே இருக்கிறவருக்கு நட்டுதான் முகத்துக்கு எதிரில் இருக்கும். தலைக்கு மேல் வருவது தெரியாது.

எழுந்தேன். முட்டி பிடித்துக்கொண்டது. மண்வெட்டியை ஊன்றி நின்றேன். வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா?

"பட்டாளம், பாடி இறங்குது."

பழக்கம். எனக்கே கேட்காத குரலில் மட்கார்டைப் பார்த்துச் சொன்னேன். இன்ஜின் சத்தத்தில் அது எங்கே போகும்? மட்கார்டுக்கும் கேட்டிருக்காது.

தொட்டியின் வயிறு மறைய ஆரம்பித்தது.

வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்காது. கையை ஆட்டினேன். அவர் பார்த்தார். பாடி இறங்குகிறது, இறங்குகிறது என்று சொல்லத்தானே வேண்டும். என் கை தானாகக் கீழ்ப்பக்கம் அமுக்கி அமுக்கிக் காட்டியது.

அவர் தலையாட்டினார். லிவரின் மேல் கையை வைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் காட்டினது 'இறக்கு'.

அவர் அந்த லிவரை இழுத்தால் மொத்தப் பாரமும் ஒரேயடியாக இறங்கிவிடும். கையை மேலே தூக்கலாமா என்றால், தூக்கத்தான் முடியாதே, பம்பு அழும், அதற்குள் என்ன ஆகுமோ. ஓடிப்போய் இழுக்க எனக்குக் கால் இல்லை. கூப்பிட வேண்டும். அந்த மனிதரைக் கூப்பிட வேண்டும்.

என்னவென்று? மாமா என்றா? ஒருநாளும் கூப்பிட்டதில்லை. என்னங்க என்றா? அது வீட்டுக்காரருக்கு. என் நாக்கில் அந்த மனிதருக்கென்று ஒரு சொல்லும் இல்லை.

பிறகு என்ன நடந்தது என்று நான் நினைத்துச் செய்யவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என் சத்தம் அப்படி இருக்குமென்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

"டேய் ராசவேலு, வெளியில வாடா!"

தொங்கிக்கொண்டிருந்த கால் துடித்தது. டயர் மேலிருந்த கால் வழுக்கியது. ஆள் அப்படியே பின்னால் உருவிக்கொண்டு மண்ணில் வந்து விழுந்தார். யார், எதற்கு என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கூப்பிட்ட குரலுக்கு வந்தார், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் லிவரை இழுக்காமல் கையை எடுத்துவிட்டார். நான் கத்தினது அவருக்குக் கேட்கவில்லை. கண்ணாடியில் என் வாயைப் பார்த்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் அப்படித் திறந்து பார்க்காத வாய்.

உள்ளே ஓஸ் பிய்த்துக்கொண்டது. ஆயில் விசிறி அடித்தது. பாடி வந்து சேஸில் மோதியதில் என் காலடியில் தரை அதிர்ந்தது. அடுக்கிலிருந்து ஒரு செங்கல் விழுந்தது.

நீலத் தொட்டி சுத்தமாகத் தெரியவில்லை.

சந்தனம்

வீட்டுக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். அண்ணன் தலை, தோள், முதுகெல்லாம் தடவிப் பார்த்தார். மூத்தார் அந்தக் கையைத் தட்டிவிட்டார். சட்டையெல்லாம் ஆயில். மீசையிலிருந்து சொட்டியது.

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு செங்கல் அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். செத்துப்போகாமல் பிழைத்தாரே என்று அழுவதா, பேரைச் சொல்லி டேய் போட்டுவிட்டேனே என்று வெட்கப்படுவதா, தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்தது.

டீச்சர் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து மூத்தாரிடம் கொடுத்தார். சென்ட்ரிங் கட்டையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

"எப்படிண்ணா வெளிய வந்த? யாரு கூப்புட்டது?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

மூத்தார் தண்ணீரைக் குடித்து முடித்தார். சொம்பைக் கீழே வைத்தார்.

"அம்மா" என்றார்.

வீட்டுக்காரர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் என் பக்கம் பார்த்தார். நான் செங்கல்லைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, ஆயில் எவ்வளவு போயிற்று என்று பார்க்க வீட்டுக்காரர் டேங்க் மூடியைத் திருகினார். திருகினதுதான் தாமதம், 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. முங்கி எழுந்தவன் மூச்சை இழுக்கிற மாதிரி நீளமாக இழுத்தது. தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது.

"இது என்னாண்ணா, உள்ள இழுக்குது?"

மூத்தார் எழுந்து போய் மூடியை வாங்கிப் பார்த்தார். பழைய டேங்க் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதென்று, பூஜைக்கு முன்னால்தான் வடலூர் பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொரு வண்டியின் டேங்கைக் கொண்டுவந்து மாட்டியிருந்தார். மூடி குமிழ் மாதிரி அழகாக இருந்தது. பூஜையன்று புது டேங்குக்கு நாமே முதலில் வைப்போம் என்று அவர் கையாலேயே அந்தக் குமிழுக்குப் பட்டை பட்டையாகச் சந்தனம் பூசி, நடுவில் அழுத்தி ஒரு குங்குமம் வைத்தார். நான் தள்ளி நின்று பார்த்தேன். லட்சணமாகத்தான் இருந்தது.

இப்போது அது மண் தூசி ஏறிக் காரை மாதிரி இறுகியிருந்தது. அவர் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். சந்தனம் சில்லாகப் பெயர்ந்தது. அடியில் ஊசிக்கண் மாதிரி வரிசையாக ஓட்டைகள்.

டேங்க் மூச்சு விடுகிற வழி அது. ஆயில் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வர வழியில்லை. பம்பு எவ்வளவு நேரம்தான் மூச்சடைத்த டேங்கை உறிஞ்சும்? அதுதான் அழுதிருக்கிறது. ஜாக்கியில் காற்றும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த நட்டைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

"பட்டாளத்துக்கு நானே மூக்கைப் பொத்திட்டேன்டா" என்றார் மூத்தார்.

வீட்டுக்காரருக்கு அது எப்படியோ கேட்டுவிட்டது. முதலில் அவர் சிரித்தார். பிறகு டீச்சர். பிறகு மூத்தாரும் அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டே தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்புதானா என்று எனக்குச் சந்தேகம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூடியை டீசலில் கழுவி, புது ஓஸ் போட்டு, ஆயில் ஊற்றி, சாயங்காலம் பட்டாளம் அழாமல் முழு உயரத்துக்குத் தூக்கியது. நான்தான் கை காட்டினேன். உள்ளங்கை மேலே. மண் சரிந்து பள்ளத்தில் விழுந்தது. உள்ளே மாட்டியிருந்த ஸ்பேனரும் சத்தத்தோடு கீழே விழுந்தது. அதன் கைப்பிடி அரிவாள் மாதிரி வளைந்திருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். யாரும் குனிந்து எடுக்கவில்லை. அந்த மண்ணோடு அதையும் சேர்த்து நிரவிவிட்டேன். டீச்சர் வீட்டுக்கு அடியில் எங்கோ இருக்கிறது.

இப்போது

இப்போது முட்டுக் கட்டை இரண்டு. ஒன்று சக்கரத்துக்கு, ஒன்று பாடிக்கு. பூஜைக்குச் சந்தனம் கதவுக்கும் முகப்புக்கும் மட்டும்.

அன்றைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. சோற்றுக்குச் சொம்பைத்தான் தட்டுகிறேன். அவர் வந்தால் ஒதுங்கித்தான் நிற்கிறேன். சக்கரை தூக்கலாக இருந்தால் பட்டாளத்திடம்தான் சொல்கிறார். அந்தப் பேரை நான் மறுபடி சொல்லவில்லை.

ஒன்றே ஒன்றுதான் மாறியது. வண்டிக்கு அடியில் வேலை என்றால், கட்டையை நிறுத்திக் குலுக்கிப் பார்த்த பிறகும் அவர் உடனே உள்ளே போவதில்லை. ஸ்பேனரோடு டயர் பக்கத்தில் நிற்பார். மட்கார்டைப் பார்த்துக் கேட்பார்.

"பட்டாளம், கூப்புடுற ஆளு பக்கத்துல இருக்கா?"

நான் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, பாடிக்கும் சேஸுக்கும் நடுவில் அந்தச் சந்து தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருவேன். அந்தப் பக்கம் என்ன தெரிகிறது என்று மனசில் குறித்துக்கொள்வேன். ஒரு கம்பம், ஒரு ஜன்னல், யாராவது காயப்போட்ட துணி.

"இருக்கேன்" என்பேன். இதை மட்டும் பட்டாளத்திடம் சொல்வதில்லை, அவரிடமே சொல்வேன்.

அது காதில் விழுந்த பிறகுதான் அவர் தலை உள்ளே போகும்.